குட்டி டியூபாவுக்கு அந்த அடிக்குரல் எங்கிருந்து வருகிறது?

டியூபா என்னும் பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் பெரிய பி ஃபிளாட் டியூபா ஒன்றும், குட்டி மாடல் ஒன்றும் இருக்கின்றன. பெரியதைத் தூக்கி மடியில் வைப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிடும். குட்டியை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் இரண்டிலும் கீழ்ச் சுரங்கள் ஒன்றேதான். இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு கனத்த ஒலி எப்படி வருகிறது? விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் 'அது அப்படித்தான்' என்கிறார்கள். எது எப்படியோ, குட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

'அது அப்படித்தான்' என்பது பதிலே இல்லை. இந்தக் கேள்விக்கு அருமையான பதில் உண்டு. அதில் பாதி பித்தளைக்குள் இருக்கிறது, மீதி கேட்பவரின் தலைக்குள் இருக்கிறது.

பித்தளையை முதலில் பார்த்துவிடுவோம். டியூபாவுக்கான காப்புரிமையை 1835 செப்டம்பர் 12 அன்று பிரஷ்யாவில் இருவர் பெற்றார்கள். ஒருவர் ராணுவ இசைக்குழுவை நடத்திய வில்ஹெல்ம் வீப்ரெஷ்ட், மற்றவர் பெர்லினில் கருவிகள் செய்துவந்த யோஹான் காட்ஃப்ரீட் மோரிட்ஸ். அன்று முதல் இன்றுவரை அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போகும் நீண்ட கூம்புக் குழல், ஒரு முனையில் உதடு, மறு முனையில் விரிந்த வாய். டியூபா வகைகளுக்கு மேற்கத்திய சுரங்களின் பெயர்கள்தான்: எஃப் டியூபாவின் குழல் சுமார் 3.7 மீட்டர், இ ஃபிளாட் 4 மீட்டர், சி 4.9 மீட்டர், பி ஃபிளாட் 5.5 மீட்டர். சுரத்தைத் தீர்மானிப்பது இந்த நீளம்தான். பள்ளியில் படித்த நிலை அலைக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: ஒலியின் வேகத்தைக் குழல் நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் பி ஃபிளாட் டியூபாவுக்கு ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸ் வரும். அதுதான் அதன் அடிப்படை அதிர்வெண். அதன் மடங்குகள் சீரிசைகள்.

குட்டி மாடலின் குழலும் அதே 5.5 மீட்டர்தான். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. முக்கால் அளவு வயலின் என்றால் அது உண்மையிலேயே நீளம் குறைந்த வயலின். முக்கால் அளவு டியூபா அப்படியில்லை. 3/4, 4/4, 6/4 என்று டியூபாவுக்குப் போடும் எண்கள் குழல் எவ்வளவு பருமன், வாய் எவ்வளவு அகலம் என்பதைத்தான் தோராயமாகக் காட்டுகின்றன. அதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்குச் சொல்லிக்கொள்கிறது. குட்டியில் குழலை இன்னும் நெருக்கமாகச் சுற்றியிருக்கிறார்கள், பருமனைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய டியூபா ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும். சில குட்டிகள் முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இத்தனை வளைவு நெளிவுகளில் ஒலி சிக்கிக்கொள்ளாதா? சிக்காது. டியூபா அடிக்கடி வாசிக்கும் தாழ்ந்த பி ஃபிளாட்டின் அதிர்வெண் 58 ஹெர்ட்ஸ் (குழலின் அடிப்படை அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கு), அதன் அலைநீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர். வால்வுகள் (அழுத்தினால் குழலின் நீளத்தைக் கூட்டுபவை) இருக்கும் பகுதியில் குழலின் உள்விட்டம் 2 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். 6 மீட்டர் அலைக்கு 2 சென்டிமீட்டர் குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. மிகக் கூர்மையான வளைவில் மட்டும் அலையின் வேகம் துளி கூடும். கருவி செய்பவர் குழலின் வடிவத்தைச் சற்றே திருத்தி அதைச் சரிக்கட்டிவிடுவார். 'வளைவு அதிகமானால் காற்று அடைபடும்' என்று சொல்பவர்கள் காற்றையும் ஒலியையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உதட்டுக்குப் போவோம். உதடு ஒரு கதவு. 58 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு நொடிக்கு 58 முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்தத் துடிப்பைக் குழலுக்குள் அனுப்புகிறது. அந்தத் துடிப்பு 5.5 மீட்டர் ஓடி, குழலின் விரிந்த வாயில் மோதி, பெரும்பகுதி திரும்பி வருகிறது. போய்வர ஆகும் நேரம் ஒரு நொடியில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் உதடு மறுபடியும் திறந்தாகிவிட்டது. ஆக, சுரத்தின் தொடக்கத்தில் வாசிப்பவருக்குக் குழலின் உதவி கிடையாது, முதல் எதிரொலி வந்து சேரும்வரை உதடு தானாகவே சரியான வேகத்தில் அடித்தாக வேண்டும். டியூபாவில் சுரத்தைச் சுத்தமாகத் தொடங்குவது ஏன் இத்தனை கடினம் என்பதற்கு இதுவே காரணம். நீளம் ஒன்றே என்பதால் குட்டியிலும் இதே தாமதம்தான்.

வேறுபாடு விரிந்த வாயில் இருக்கிறது. பெரிய 6/4 டியூபாவின் வாய் அரை மீட்டர் அகலம். குட்டிக்கு 37, 38 சென்டிமீட்டர். 6 மீட்டர் அலைக்கு இரண்டுமே சிறிய ஓட்டைகள்தான். அதனால் தாழ்ந்த அதிர்வெண்கள் பெரும்பாலும் உள்ளேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. நிலை அலை உருவாவதற்கே இந்தத் திருப்பம்தான் காரணம், அதனால் குறை சொல்லவும் முடியாது. உயர்ந்த சீரிசைகள் மட்டும் தாராளமாக வெளியே வருகின்றன. வாய் குறுகக் குறுக, வாசிக்கும் சுரத்தின் அடிப்படை அதிர்வெண் வெளியே வருவது இன்னும் குறையும். கணக்குப்படி பார்த்தால் குட்டி டியூபாவின் தாழ்ந்த சுரங்கள் மெலிந்து ஒலிக்க வேண்டும். காது அப்படிச் சொல்வதில்லை.

எனக்கு இந்தக் கட்டுரையிலேயே பிடித்த இடம் இதுதான். 58 ஹெர்ட்ஸ் சுரத்தை வாசிக்கும்போது வெளியே வருபவை 58, 116, 175, 233, 291 என்று அடுக்கடுக்கான சீரிசைகள். இவற்றில் 58-ஐ முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மிச்சமிருப்பதில் ஆகத் தாழ்ந்தது 116. அப்படியானால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே தாவ வேண்டும் அல்லவா? தாவாது. காது அதே 58-ஐத்தான் கேட்கும். அறையில் இல்லாத ஓர் அதிர்வெண்ணைக் கேட்கும்.

மாயம் ஒன்றும் இல்லை. 116, 175, 233 ஆகிய மூன்று அலைகளும் தனித்தனி வேகத்தில் ஏறி இறங்கினாலும், மூன்றும் சேர்ந்த கோலம் நொடிக்கு 58 முறைதான் முழுமையாகத் திரும்ப வருகிறது. உள்காதின் காக்ளியாவில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஓரிடம் உண்டு. 58-க்கான இடம் அசையாவிட்டாலும், மற்ற இடங்களிலிருந்து கிளம்பும் நரம்புத் துடிப்புகள் தத்தம் அலைகளோடு தாளம் தப்பாமல் அடிக்கின்றன. அந்தத் துடிப்புகளுக்குப் பொதுவான இடைவெளியை மூளை பிடித்துக்கொள்கிறது. நமக்குச் சுருதியாகப் படுவது அந்தப் பொதுவான இடைவெளிதான்.

இதை முதலில் கவனித்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் சீபெக். 1841-இல் துளைகள் போட்ட சுழல் தட்டின்மேல் காற்றை ஊதி ஆராய்ந்தபோது, அடிப்படை அதிர்வெண் மிகப் பலவீனமாக இருந்தும் சுருதி அதிலேயே நிற்பதைக் கண்டார். மின்தடை விதிக்காக நமக்குத் தெரிந்த அதே ஓம் இதை மறுத்தார், பின்னால் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஓமின் பக்கம் நின்றார். இரு பெரிய பெயர்களுக்கு எதிரே சீபெக்கின் கருத்து நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. 1930-களின் கடைசியில் நெதர்லாந்தில் ஸ்கூட்டன் அடிப்படை அதிர்வெண்ணை அறவே நீக்கிவிட்டு, சுருதி நீங்கவில்லை என்று காட்டினார். காதே ஒலியை உருக்குலைத்து அந்த அதிர்வெண்ணை உண்டாக்குகிறதோ என்ற சந்தேகம் அப்போதும் இருந்தது. 1950-களில் அமெரிக்காவின் லிக்லைடர் தாழ்ந்த அதிர்வெண் பகுதி முழுவதையும் இரைச்சலால் மூடினார். அங்கே எது உண்டானாலும் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆனாலும் சுருதி கேட்டது.

இதே லிக்லைடர்தான் 1962-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பில் கணினி ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் எண்ணத்தை விதைத்தவர். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அந்த எண்ணத்தில் முளைத்தது. 'இல்லாத சுரம் ஏன் கேட்கிறது' என்று உட்கார்ந்து யோசிப்பவருக்கு எதற்குப் பணம் என்று கேட்கும் நிதிக்குழுக்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. ஆர்வத்தால் நடக்கும் ஆராய்ச்சிக்கு உடனடிப் பயன் கேட்பது, விதை நெல்லுக்கு அன்றே சோறு கேட்பது. கைபேசியின் நகமளவு ஸ்பீக்கரில் பேஸ் கேட்பதற்கும் இதே காது நுட்பம்தான் உதவுகிறது.

குட்டி டியூபாவுக்கு இதனால் ஆதாயம்தான். குழல் ஒடுங்கலாக இருப்பதால் உயர்ந்த சீரிசைகள் ஒப்பளவில் பலமாக வருகின்றன. சுருதியைக் கண்டுபிடிக்க மூளைக்கு வேண்டிய தடயங்களே அவைதான். சிறிய அறையில், ஐந்து பேர் வாசிக்கும் பித்தளைக் குழுவில், குட்டியின் சுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிந்து விழுவதற்கு இது முக்கியமான காரணம். மூச்சு விஷயத்திலும் குட்டி கருணை காட்டும். குழலின் குறுக்குப் பரப்பு குறைந்தால் ஒலிக்கு அது காட்டும் எதிர்ப்பு கூடும், அதே அழுத்தத்துக்குக் குறைந்த காற்றோட்டம் போதும். தாழ்ந்த சுரத்தை உரக்கப் பிடித்தால் சில நொடிகளில் நுரையீரல் காலியாகிவிடும் கருவியில் இது சின்ன சலுகை அல்ல. ஒரு நீண்ட இசை வரியை இடையில் மூச்சு வாங்காமல் முடித்தவருக்கு அதன் அருமை தெரியும்.

பெரிய டியூபா வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸின் நுரையீரல் கொள்ளளவு குறைவு. ஆனாலும் அவர் கையில் புகழ்பெற்றது யார்க் நிறுவனத்தின் மாபெரும் சி டியூபா. நூறு பேர் வாசிக்கும் அரங்கில் எல்லாருக்கும் அடியில் ஒரு தளம்போல் பரவ அந்த அகன்ற வாய் வேண்டும். மூளை சுருதியை நிரப்பித் தரும், தரையில் உணரும் அதிர்வைத் தராது.

எந்த அளவு டியூபாவானாலும் வால்வுகளின் தகராறு ஒன்றே. முதல் மூன்று வால்வுகளையும் சேர்த்து அழுத்தினால் குழல் 37 சதவீதம் நீள்கிறது. ஆறு அரைச்சுரம் கீழே போக அது 41 சதவீதத்துக்கும் மேல் நீள வேண்டும். 5.5 மீட்டர் குழலில் இது கால் மீட்டர் பற்றாக்குறை. அதனால்தான் நான்காவது வால்வு. அதனால்தான் வாசித்துக்கொண்டே இடக்கையால் ஸ்லைடை, அதாவது குழலை நீட்டும் துண்டை, இழுப்பதும்.

இல்லாத சுரத்தை நீங்களே கேட்க டியூபா தேவையில்லை. அதிர்வெண் உருவாக்கும் கைபேசிச் செயலி ஒன்றில் 400, 600, 800 ஹெர்ட்ஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுங்கள். 200 கேட்கும். இப்போது 600-ஐ மட்டும் நிறுத்துங்கள். ஓர் ஒலியைக் குறைத்திருக்கிறீர்கள், சுருதியோ 400-க்கு ஏறிவிடும். மிஞ்சிய இரண்டுக்கும் பொதுவான இடைவெளி இப்போது 400-தானே.