வேப்பிலை கட்டுவதற்கு நாலு நாள் முன்பே

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர் என்று எங்கெங்கோ இருக்கும் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் வந்து இறங்கியிருக்கிறார்கள். அதில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், மூக்கு ஒழுகல், வறட்டு இருமல். கண்ணும் சிவந்திருக்கிறது. “பிரயாண அலுப்பு, தண்ணி மாறுன சளி” என்று அப்பத்தா மிளகுக் கஷாயம் கொடுத்து, வளவை (வீட்டின் நடு முற்றத்தை) ஒட்டிய அறையில் படுக்க வைக்கிறார். பந்தி முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே அறைக்கு வேறொரு தாய் தன் எட்டு மாதக் குழந்தையைத் தூங்க வைக்க வருகிறார். இரண்டு பிள்ளைகளும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. ஆனாலும் அந்தக் கைக்குழந்தைக்குத் தட்டம்மை தொற்றிவிடலாம்.

மணல்வாரி என்றும் நம் பக்கம் சொல்லும் இந்த நோயின் வைரஸ், இருமலில் வெளியேறிய பிறகும் மூடிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கி இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். திறந்த வளவில் காற்று கலைந்து போகும். சுற்றியிருக்கும் சின்ன அறைகளிலும், இப்போது நாம் கல்யாணம் நடத்தும் ஏசி மண்டபங்களிலும் அப்படிக் கலைவதில்லை.

கல்யாணத்துக்கு வந்த பிள்ளைக்கு ஊர் திரும்பிய இரண்டாம் நாள் காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் சிவப்புத் தடிப்பு கிளம்புகிறது. முகம், மார்பு, கை, கால் என்று மேலிருந்து கீழாக இறங்குகிறது. சின்னம்மையில் வருவதுபோல் இதில் நீர்க்கொப்புளம் இருக்காது. அப்போதுதான் வீட்டார் “ஆத்தா வந்திருக்கா” என்று வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள். ஆனால் தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளையிடமிருந்து நோய் பரவிக்கொண்டிருந்தது. தடிப்பு வந்த பிறகும் இன்னும் நான்கு நாள் பரவும். நாம் ஜாக்கிரதை ஆகும்போது பாதி வேலை முடிந்துவிட்டிருக்கிறது. தட்டம்மையைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

தடிப்பு ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? மூச்சோடு உள்ளே போகும் வைரஸ், முதலில் பிடிப்பது நுரையீரலில் காவலுக்கு நிற்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை. கிருமியைப் பிடித்து, நெறிகட்டும் இடங்களான நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய் விசாரிக்க வேண்டிய அந்த அணுக்களுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பெருகி, ரத்தத்தில் இறங்கி, உடம்பு முழுக்கப் போய், கடைசியில் மூச்சுக்குழாயின் சுவருக்கு வந்து இருமலில் வெளியேறத் தொடங்குகிறது. இதற்கெல்லாம் சுமார் பத்து நாள் ஆகிவிடும். கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பற்களுக்கு நேரே, உப்புத் துகள் தூவியது போலச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். 1896-ல் ஹென்றி கோப்ளிக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதை விவரித்தார். தடிப்பு கிளம்புவதற்கு முன்பே தட்டம்மை என்று கண்டுபிடிக்க உதவும் அடையாளம் அது. தோலில் வரும் தடிப்போ, எதிர்ப்பு அணுக்கள் கடைசியில் விழித்துக்கொண்டு, தொற்று ஏறிய அணுக்களைத் தேடி அழிப்பதன் தடயம். அதனால்தான் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய பிள்ளைகளுக்குச் சில சமயம் தடிப்பே வராது. நோய் மட்டும் கடுமையாக இருக்கும்.

தொற்றியதிலிருந்து தடிப்பு வரை சுமார் 14 நாள் என்ற கணக்கைத் தெளிவாகப் போட்டவர் டென்மார்க்கின் இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பனும். 1846-ல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்து, சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். ஊர் ஊராகப் போய் விசாரித்த பனும் இன்னொன்றையும் கவனித்தார். 65 வருடம் முன்பு, 1781-ல், சிறு வயதில் அம்மை கண்டிருந்த கிழவர் கிழவிகளில் ஒருவருக்கும் இப்போது வரவில்லை. ஒருமுறை கண்டால் ஆயுள் முழுக்கக் காப்பு.

சரி, அப்படியென்றால் வந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காப்புக்கு உடம்பு கொடுக்கும் விலை பெரிது. இதுவரை சந்தித்த ஒவ்வொரு கிருமியையும் எப்படிச் சமாளித்தோம் என்று நம் உடம்பு, பழைய வட்டிக்கடைப் பேரேடு போல, வரி வரியாக எழுதி வைத்திருக்கிறது. தட்டம்மை வைரஸ் தனக்கென்று ஒரு புது வரியை எழுதிவிட்டு, பழைய பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போய்விடுகிறது. தடுப்பூசி போடாத நெதர்லாந்துப் பிள்ளைகளிடம் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், மற்றக் கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மைக்குப் பின் காணாமல் போயிருந்தது. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் பிள்ளைக்கு மாதக்கணக்கில் சளியும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வருவதற்கு இது ஒரு காரணம்.

நிமோனியாதான் இதில் பிள்ளைகளின் உயிரை அதிகம் எடுப்பது. ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீக்கம் வரும். வைட்டமின் ஏ குறைந்த பிள்ளைக்குக் கருவிழி புண்ணாகிப் பார்வையே போய்விடலாம். கண் நோவு என்றால் நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாளுக்கு வேண்டிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. தாராளமாக வேண்டிக்கொள்ளலாம். கூடவே பிள்ளைக்கு வைட்டமின் ஏ சொட்டு இரண்டு நாள் அடுத்தடுத்துக் கொடுத்தார்களா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வயதுக்கு மேல் என்றால் நாளுக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட், ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு அதில் பாதி. கண்ணையும் உயிரையும் காக்கும் மலிவான மருந்து அது. மருத்துவர் அளந்து கொடுப்பதற்கு மேல் நாமாகக் கொடுக்கக் கூடாது.

அம்மை கண்ட வீட்டின் பழைய முறைகளை நான் குறை சொல்ல மாட்டேன். தனி அறை, சுத்தமான துணி, வெளியாட்கள் வரக்கூடாது என்ற கண்டிப்பு எல்லாமே நல்லவை. ஆனால் தாளிக்கக் கூடாது, எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது என்று பிள்ளையைக் கஞ்சித் தண்ணீரிலேயே போடுவது ஆபத்து. இந்த நோயில் உடம்புக்குச் சாப்பாடு கூடுதலாக வேண்டும். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, எதையும் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, கருவிழி மங்கினாலோ அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆத்தா இறங்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

இனி தடுப்பூசி. ஒரு நோயாளி, எதிர்ப்பே இல்லாத ஊரில், 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அந்தப் 18 பேரில் 17 பேர் காப்போடு இருந்தால் ஒருவருக்குத்தான் தொற்றும், நோய் பெருகாது. 18-ல் 17 என்றால் 94 சதவீதம் சொச்சம். 95 சதவீதம் பேருக்குக் காப்பு வேண்டும் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒன்பது மாதத்தில் போடும் முதல் ஊசி 100 பிள்ளைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும், ஏனென்றால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில குழந்தைகளிடம் இன்னும் மிச்சமிருந்து, ஊசியிலுள்ள பலவீனமான வைரஸை அழித்துவிடும். ஊரில் ஒரு பிள்ளை விடாமல் முதல் டோஸ் போட்டாலும் 95 எட்டாது. விட்டுப்போன பிள்ளைகளைப் பிடிக்க வருவதுதான் 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது டோஸ். “ஒண்ணு போட்டாச்சே” என்று இதை விட்டுவிடும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மாவட்டக் கணக்கில் 95 இருந்தாலும் போதாது. ஊசி போடாத பிள்ளைகள் ஒரே தெருவில் சேர்ந்திருந்தால் அந்தத் தெருவுக்கு 95 கிடையாது. வைரஸ் தெருவாகத்தான் பார்க்கும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை, ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சுக்கு மூலமான 1998-ம் வருட ஆய்வுக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊசி போட்ட ஒரு வாரம், பத்து நாளில் சிலருக்கு லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம், அது தானாகத் தணியும்.

புதன்கிழமை சுகாதார நிலையத்தில் நர்சம்மா ஊசி போடுவதைக் கவனித்துப் பாருங்கள். குப்பியில் இருப்பது பொடி. அதற்கென்றே வந்த திரவத்தைச் சேர்த்துக் கரைத்து, கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே குறித்து வைப்பார். நான்கு மணி நேரம் கழித்து மிச்சம் இருந்தால் அதைத் தொடவே மாட்டார். நம் வெயிலில் அந்தக் கண்டிப்பு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குப்பி குளிர்ப்பெட்டியை விட்டு வெளியே நிற்காமலிருக்க, சொன்ன நேரத்துக்கு நாம் போய்ச் சேர வேண்டும்.

கல்யாணத்திலோ திருவிழாவிலோ அம்மை கண்ட பிள்ளையோடு உங்கள் பிள்ளை இருந்தது பிறகு தெரியவந்தால், 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோய் வராமலோ கடுமையாகாமலோ தடுக்க வாய்ப்பு உண்டு. ஆறு மாதம்கூட ஆகாத குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இந்த ஊசி போடுவதில்லை. அவர்களுக்கு ஆறு நாளுக்குள் கொடுக்கக்கூடிய வேறு எதிர்ப்பொருள் ஊசி இருக்கிறது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டாவது டோஸ் தவறிப்போன பிள்ளைக்கு ஐந்து வயது வரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தாலும் போகலாம். ஏற்கெனவே போட்டிருந்து மறுபடி ஒன்று போட்டாலும் கெடுதல் எதுவும் கிடையாது.