பதிப்பு இணக்கம்: சொல் விளக்கம்

ஒன்று மற்றொன்றோடு ஒத்து இயங்குவதைக் குறிக்கும் கம்பாட்டிபிலிட்டி என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு 'கூடச் சேர்ந்து துன்பப்படு' என்று பொருள். ஒரே நிரலைப் பைத்தான் என்ற நிரல்மொழியின் பதிப்புகள் 2, 3 இரண்டிலும் ஓடவைக்கப் பாடுபட்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

தமிழில் ஒத்திசைவு, பொருந்துதன்மை, இணக்கம் மூன்றும் புழங்குகின்றன. 'ஒத்திசைவு' சிங்க் செய்வதற்கும் (இரு கருவிகளின் தகவலை ஒன்றுபோலாக்குவதற்கும்) ஆகிறது, அதனால் குழப்பம். 'இணக்கம்' போதும். 'இணக்கமறிந்து இணங்கு' என்று ஆத்திசூடியிலேயே பெயரும் வினையும் சேர்ந்து நிற்கின்றன. பிழைச்செய்தியில் 'இணங்காது' என்று எழுத வினையும் வேண்டுமே.

சிக்கல் திசையில்தான். பழைய பதிப்புக்கு எழுதியது புதியதிலும் செல்லுபடியாவதை, அதாவது பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டியை, 'பின்னோக்கிய இணக்கம்' என்கிறார்கள். ஆனால் நமக்கு 'முன்பு' என்றால் போன காலம், 'பின்பு' என்றால் வரும் காலம். ஆகவே 'முன்பதிப்பு இணக்கம்' என்பதே சரி. மாவட்டப் பெயர்களையே பாருங்கள்: வட ஆற்காடு 1989-ல் இரண்டானது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருப்பதால் அது செல்லாமல் போவதில்லை. அதுதான் முன்பதிப்பு இணக்கம்.

2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 இதைத் தெரிந்தே கைவிட்டது. அடைப்புக்குறி இல்லாத பிரின்ட் கட்டளை உடனே பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லது. 5/2 அப்படியல்ல: பழையதில் 2, புதியதில் 2.5. சத்தமில்லாமல் கணக்கு மாறிவிடும். 'வேலூர்' என்ற சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளம் பைத்தான் 2-ல் 18, ஏனென்றால் அது யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையின் பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3-ல் 6, யூனிகோட் குறிகள். நாம் எண்ணும் மூன்று எழுத்து இரண்டிலுமே வராது.

இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் முதல் வரியில் யுடிஎஃப்-8 குறிப்பு. அடுத்து, வேறு எந்தக் கட்டளைக்கும் முன்பாக, புதிய பதிப்பின் நடத்தையைப் பழையதில் தரும் ஃபியூச்சர் தொகுதியிலிருந்து டிவிஷன், பிரின்ட் ஃபங்ஷன், யூனிகோட் லிட்டரல்ஸ் மூன்றையும் இறக்குமதி செய்ய வேண்டும். ஈவு முழு எண்ணாக வேண்டிய இடத்தில் இரட்டைச் சாய்கோடு. மற்றதற்கு 'சிக்ஸ்' நூலகம் உண்டு. இரண்டு மூன்று ஆறு என்பதே பெயர்க்காரணம்.

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தாலும் தொல்லை தீரவில்லை. பதிப்பு எண்ணைச் சரமாக ஒப்பிட்டால் 3.10 என்பது 3.9-ஐவிடச் சிறியதாகிவிடும், ஏனென்றால் புள்ளிக்குப் பின் 1-உம் 9-உம் மட்டுமே மோதுகின்றன. சிஸ் தொகுதியில் பதிப்பு எண்ணைத் தரும் வெர்ஷன் இன்ஃபோவை எடுத்து, எண்களாக ஒப்பிட வேண்டும்.