டோலோ போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வருகிறவர்கள்

காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் எந்த வார்டிலும் கேட்கக்கூடிய பேச்சு இது: "லேசா காய்ச்சல்தான் சிஸ்டர். டோலோ போட்டுட்டேன், ஓட்டிடுவேன்." இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் வேலைக்கு அஞ்சாத, நல்ல ஸ்டாஃபாகத்தான் இருப்பார்.

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுச் செவிலியரான எனக்கு இந்தப் பேச்சு வயிற்றைக் கலக்கும். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். அது அதிகம் பரவுவது உடம்பு சரியில்லாமல் போன முதல் மூன்று நாட்களில். "இன்னைக்கு சமாளிப்போம், முடியலேன்னா நாளைக்கு லீவு" என்று நாம் தள்ளிப்போடுவதும் அதே நாட்களைத்தான்.

சின்னம்மை என்றால் யாரும் இப்படி வருவதில்லை. வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டால் இன்சார்ஜ்கூட மறுபேச்சு பேசமாட்டார். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அதுவும் தொற்றும். ஆகவே வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தால், இதுவரை அம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஸ்டாஃப் அன்றே சொல்லிவிட வேண்டும். பிள்ளையோடு முதலில் பழகிய நாளிலிருந்து 8ஆம் நாள் தொடங்கி, கடைசியாகப் பழகியதற்குப் பின் 21ஆம் நாள் வரை அவர் நோயாளிகள் பக்கம் போகக் கூடாது. பச்சைக்குழந்தை வார்டும் கீமோ வார்டும் இருக்கும் இடத்தில் இது விளையாட்டில்லை.

மெட்ராஸ் ஐ வந்தால் இன்னொரு வேடிக்கை. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு டியூட்டிக்கு வந்துவிடுவார்கள். பார்த்தால் ஒட்டாது, உண்மைதான். ஆனால் அவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள்: கண்ணாடியைத் தூக்கி, புறங்கையால் கண்ணைத் துடைத்து, அதே கையால் கேஸ் ஷீட்டைப் புரட்டி, பிபி கஃப்பை எடுத்து அடுத்த படுக்கைக்குப் போவார். கண்ணாடி என்ன செய்யும், பாவம்.

தெரியாமல் செய்கிறார்களா என்றால், இல்லை. அமெரிக்காவில் பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர்கள் உள்ளிட்ட 536 பேரிடம் கேட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. நோயோடு வேலைக்கு வருவது நோயாளிக்கு ஆபத்து என்று 95 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அப்படியும் முந்தைய ஓராண்டில் ஒரு தடவையாவது வந்திருந்தவர்கள் 83 சதவீதம். கூட வேலை செய்பவர்களைக் கைவிடக் கூடாது என்பதுதான் பெரும்பாலானோர் சொன்ன காரணம். நம் ஊரிலும் அதே கதைதான். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் டபுள் டியூட்டி பார்க்க வேண்டும். அந்த முகத்தை மறுநாள் எப்படிப் பார்ப்பது?

அப்புறம் சம்பளம். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நல்ல திட்டம்தான், ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது (15 நாளுக்குள் திரும்பப் படுத்தால் மட்டும் விலக்கு). மூன்று நாள் காய்ச்சலுக்கு அதில் என்ன மிஞ்சும்? ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு வராத நாள் சம்பளமில்லாத நாள். எந்த டாக்டரையும்விட அதிகமான அறைகளுக்குள் போய்வருகிறவர் அவர். அவரைக் கூப்பிட்டு "உடம்பு எப்படியிருக்கு?" என்று கேட்கும் மருத்துவமனைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே போஸ்டர் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மாற்ற வேண்டியது ரோஸ்டரை. ஷிப்டுக்கு ஒரு ஆள் கூடுதலாக, கூப்பிட்டால் வரும்படி இருக்கட்டும். செலவு என்று நிர்வாகம் முணுமுணுக்கும். வார்டில் நாலு ஸ்டாஃப் ஒரே வாரத்தில் படுத்தால் ஆகும் செலவையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள்.

எப்போது திரும்பி வரலாம் என்பதில் குழப்பம் வேண்டாம். காய்ச்சல் என்றால், மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். அதன் பிறகும் இருமல் இருந்தால் மாஸ்க் கட்டாயம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று 48 மணி நேரம் ஆக வேண்டும். வந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு ஹேண்ட் ரப்பை (ஆல்கஹால் கைத்தேய்ப்பான்) மட்டும் நம்பாமல் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோ வைரஸுக்கு ஹேண்ட் ரப் சரிவரப் போதாது.

இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு ஒன்று. காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால், "உனக்குப் பதிலா யார் வருவா?" என்று கேட்காதீர்கள். ஆள் தேடுவது உங்கள் வேலை, படுத்திருப்பவருடைய வேலை இல்லை.