சொல் விளக்கம்: குறுக்குவழி

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரின் பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்று சொன்னாலும் எங்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கே தோட்டத்துக் கோயிலின் வரவுசெலவைப் பார்த்துக்கொள்பவர், ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர் ஒருவர். ஆண்டுக் கூட்டத்துக்குக் கணக்கை அச்செடுக்க வேண்டும் என்று பென்டிரைவோடு டவுனுக்கு வந்தார். நானும் உடன் போயிருந்தேன். கடையில் பென்டிரைவைச் செருகியதும் திரையில் ‘கணக்கு’ என்ற மஞ்சள் உறைப் படம் தெரிந்தது. இரண்டு முறை தட்டினோம். திறக்கவே இல்லை.

“டெஸ்க்டாப்பில இருந்ததை அப்படியே காப்பி பண்ணித்தானே கொண்டுவந்தேன், தம்பி?”

“கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க ஐயா. கீழே இடது மூலையில ஒரு அம்புக்குறி இருக்கு. இது ஷார்ட்கட். உங்க கணக்கு வீட்டுக் கணினியில பத்திரமா இருக்கு.”

அவர் முகம் தெளியவில்லை. ‘ஷார்ட்கட்’ என்ற சொல் அவருக்கு எதையுமே காட்டவில்லை. “குறுக்குவழி ஐயா. வழியை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க, வீடு அங்கேயே நிக்குது” என்றேன். உடனே புரிந்துகொண்டார். இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

வழி என்றதும் அவர் மனத்தில் எது வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர், இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை நட்டார். செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளிவிட்டு முக்கோணமாக நடுவார்கள். லாரி போகும் சடக்கு தோட்டத்தின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். நடக்கிறவர்கள் அப்படிச் சுற்ற மாட்டார்கள். நிரைக்குள் புகுந்து, வடிகால்மேல் போட்ட பலகையைத் தாண்டினால் டவுன் வந்துவிடும். கிராணியின் கால்கள் பல வருடம் மிதித்த வழி அது.

ஆங்கிலச் சொல்லும் இப்படித்தான் பிறந்தது. வழக்கமான பாதையைவிடக் குறைந்த தூரத்தில் வெட்டிக்கொண்டு போகும் வழியை 16ஆம் நூற்றாண்டிலேயே ‘ஷார்ட் கட்’ என்றார்கள். குறுமையைச் சொல்லும் ‘ஷார்ட்’ என்ற சொல்லே, வெட்டுதல் என்ற பொருளுள்ள மிகப் பழைய வேரிலிருந்து வந்ததாக மொழியறிஞர்கள் காட்டுகிறார்கள். மலாயில் இதற்கு ‘ஜாலான் பிந்தாஸ்’ என்று பெயர். அதிலும் குறுக்கே வெட்டிப் போவதுதான் பொருள்.

தமிழில் இதன் வேர் ‘குறு’. குறில், குறுநில மன்னர், ஐகாரக் குறுக்கம் எல்லாம் அதே குடும்பம்தான். குறுகு என்ற வினையிலிருந்து குறுக்கு வந்தது. அதில் நீளம் குறைவதும் இருக்கிறது, ஒன்றை ஊடறுத்துப் போவதும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது பொருள். பழந்தமிழில் குறுகுதல் என்றால் நெருங்குதல், கிட்டே போய்ச் சேருதல். ஷார்ட்கட் வைத்துக்கொள்வதே ஒரு கோப்புறையை (ஃபோல்டரை) சட்டென்று கிட்டுவதற்காகத்தானே? அந்த வேலை நம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

‘குறுக்குவழியில் சம்பாதித்தவன்’ என்று சொல்கிறோமே, இந்தச் சொல் வேண்டாமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. ‘சுருக்குவழி’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. கெட்ட பொருள் அந்த வாக்கியத்தில் வருகிறது, சொல்லில் இல்லை. செம்பனைக்குள் புகுந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை யாரும் நேர்மையில்லாதவர்கள் என்று சொன்னதில்லை.

கணினியில் இந்தப் பெயரைப் பரவலாக்கியது 1995இல் வந்த விண்டோஸ் 95. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஆப்பிள் தன் மெக்கின்டாஷில் இதே வசதியைக் கொடுத்து ‘ஏலியஸ்’ என்று பெயர் வைத்தது. ஏலியஸ் என்றால் மாற்றுப்பெயர். பெயர் என்றால் பொருளும் கூடவே வரும் என்று தோன்றிவிடும். வழி என்றால் அந்தக் குழப்பம் இல்லை. விண்டோஸின் குறுக்குவழி, பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோபைட் அளவுள்ள சின்னக் கோப்பு. கோப்புறை எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் அதற்குள் இருக்கும். அதை அழித்தால் கோப்புறைக்கு ஒன்றும் ஆகாது. கோப்புறையை அழித்துவிட்டால் வழி மட்டும் மிச்சம், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்த பிறகும் புல்லுக்குள் தெரிகிற ஒற்றையடிப்பாதை மாதிரி.

இன்னொன்று. கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்திப் படியெடுப்பதையும் ஆங்கிலத்தில் ஷார்ட்கட் என்றே சொல்கிறார்கள். தமிழில் இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. அதைக் குறுக்குவிசை என்று தனியாகச் சொல்லலாம்.

சரி, குறுக்குவழி போடுவது எப்படி? ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கோப்புறையை இழுத்து டெஸ்க்டாப்பில் விட்டால் போதும். இல்லாவிட்டால் கோப்புறைமேல் வலது சொடுக்கு, ‘செண்ட் டு’, அப்புறம் ‘டெஸ்க்டாப்’. விண்டோஸ் 11 என்றால் அதற்கு முன்னால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் கிராணியின் வீட்டுக்குப் போய் உண்மையான கோப்புறையைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். டெஸ்க்டாப்பில் இருந்த படத்தின் பெயரையும் மாற்றித் தரச் சொன்னார். பெயரை எப்படி மாற்றினாலும் அது அதே இடத்துக்குத்தான் கூட்டிப்போகும் என்று சொல்லிவிட்டு, விசைப்பலகையை அவரிடமே தள்ளினேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: ‘கணக்குக்குப் போற வழி’.