ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் பயம்

போன மாதம் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த பெண்ணுக்கு வயது முப்பத்து நாலு. ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை. குதிகால் வலி என்று வந்தார். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி குத்துகிற மாதிரி இருக்கிறதாம். கணுக்காலில் கொலுசு இருந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. கொலுசைக் கழற்றி வெகு நேரமாகிவிட்டது என்றார். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்து, உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுக்கத் தொடங்கியிருந்தது. குதிகால் வலி அவருடைய பிரச்சினையில் கால்வாசிதான்.

"கடையில உட்காரவே விடமாட்டாங்களா?"

"ஸ்டூல் போட்டிருக்காங்க மேடம். நாங்கதான் உட்கார மாட்டோம்."

ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "நாம உட்கார்ந்திருக்கும்போது கஸ்டமர் வந்துட்டா, 'பாரு எப்படி உட்கார்ந்திருக்கா'ன்னு முகத்தைச் சுளிப்பாங்க. சூப்பர்வைசர்கிட்ட சொன்னவங்களும் உண்டு."

தமிழ்நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021 செப்டம்பரில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கச் சட்டப்பேரவையில் மசோதா வந்து நிறைவேறியது. எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் நமக்கு மூன்று வருஷம் முந்திக்கொண்டது. அங்கே கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரரும் அவரோடு சேர்ந்த பெண்களும் முதலில் கழிப்பறைக்காகவும் அப்புறம் நாற்காலிக்காகவும் வருஷக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலைகளுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இருக்கை வசதி எழுதப்பட்டிருந்தது. மெஷின் முன்னால் நிற்பவருக்குக் கால் வலிக்கும் என்று அப்போதே தெரிந்தது. வாடிக்கையாளர் முன்னால் நிற்பவருக்கும் வலிக்கும் என்று எழுதுவதற்கு இங்கே எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நிற்பதில் அப்படி என்ன கேடு, வயலில் வேலை செய்த நம் பாட்டிமார் நிற்கவில்லையா என்று கேட்பார்கள். பாட்டி நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். கேடு அசையாமல் நிற்பதில்தான். பாதத்துக்குப் போன ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் அதை மேலே தள்ளுகிறது. கீழே திரும்பாமல் தடுக்கச் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. நடக்கும்போது கணுக்கால் பக்கம் அழுத்தம் 30 மி.மீ. பாதரசம் அளவுக்கு இறங்கிவிடும். சும்மா நின்றால் அது 80, 90 வரை போய் அங்கேயே நிற்கும். நாளெல்லாம், வருஷமெல்லாம் அப்படியே இருந்தால் ரத்தக்குழாய் விரிகிறது, வால்வு மூடுவதில்லை. நாம் 'நரம்பு சுருட்டல்' என்று சொல்வது இதைத்தான். நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்தப் பெயரை மாற்றும் முயற்சியை நான் கைவிட்டுவிட்டேன். கவனிக்காமல் விட்டால் தோல் கறுத்து, அரித்து, கடைசியில் ஆறாத புண்ணில் கொண்டுபோய் விடும்.

சரி, உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்பது எங்கிருந்து வந்தது? பழைய ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். நாமும் எதிரே உட்காருவோம். சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போடுவார். காஞ்சிபுரத்தில் இன்றும் சில கடைகளில் அப்படித்தான். அதை அவமரியாதை என்று யாரும் எழுந்து போனதில்லை. கண்ணாடிக் கவுன்டர் வந்து, மாடி மாடியாகக் கடை வளர்ந்து, சீருடையும் வந்த பிறகு நிற்பது 'சர்வீஸ்' ஆகிவிட்டது. அதே கடையில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தால் அது லட்சணம். பத்தடி தள்ளி ஒரு பெண் உட்கார்ந்தால் அது கொழுப்பு.

நானும் யோக்கியம் இல்லை. ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்தபடியே மாத்திரை எடுத்துத் தந்த பெண்ணைப் பார்த்து, 'எழுந்துகூட வரவில்லையே' என்று மனசுக்குள் நினைத்திருக்கிறேன். மாத்திரை சரியாகவே வந்தது, மீதிச் சில்லறையும் சரியாகவே இருந்தது.

நான் முன்பு சிகிச்சை தந்த ஒரு கடை முதலாளி, ஊழியர்களுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொல்லி அழைத்தார். நல்ல மனிதர்தான். "டாக்டரம்மா, எல்லாருக்கும் அந்த டைட் சாக்ஸ் வாங்கிக் கொடுத்துடறேன்" என்றார். (நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.) ஸ்டூல் என்றதும் முகம் மாறியது. விலை ஒரு பொருட்டே இல்லை. ஐந்நூறு ரூபாய் ஸ்டூல் நாற்பது வாங்கினாலும் இருபதாயிரம்தான், ஆடித் தள்ளுபடி பேனருக்கே அதைவிட அதிகம் ஆகும். "எதிர்க்கடையில நிக்கிறாங்க, எங்க கடையில உட்கார்ந்திருந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?" என்பதுதான் அவருடைய பயம்.

அவர் மொழியிலேயே பேசிப் பார்த்தேன். பதினோரு வருஷம் பட்டுப் பிரிவில் இருந்த பெண் வேலையை விட்டால் என்ன நஷ்டம்? மயில்கழுத்து நிறத்துக்கு எந்தக் கரை எடுக்கும், எந்தக் குடும்பம் போன கல்யாணத்துக்கு என்ன எடுத்தது என்பதெல்லாம் அவரோடு வெளியே போய்விடும். அந்த இடத்துக்குப் புதிதாக வருபவர் சேலையை மடிக்கக் கற்றுக்கொள்ளவே சில மாதம் பிடிக்கும். லீவு நாளை முதலாளி கணக்கு வைத்திருக்கிறார், இந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் இல்லை. அமெரிக்காவில் இதையெல்லாம் நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. கலிபோர்னியாவில் காசாளர்களுக்கு இருக்கை தரவில்லை என்ற வழக்கை முடிக்க 2018-இல் வால்மார்ட் 6.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இதைச் சொன்னதும் முதலாளி சிரித்தார். நம் ஊரில் அப்படி யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடை மாறும் வரை ஊழியர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கவுன்டருக்குப் பின்னால் அரை அடி உயரப் பலகை ஒன்று போட்டு, ஒவ்வொரு காலாக மாற்றி அதன்மேல் வைத்து நில்லுங்கள். மணிக்கு ஒரு தடவை குதிகாலைத் தூக்கித் தூக்கி இருபது முறை இறக்குங்கள், யார் கண்ணிலும் படாது. ராத்திரி வீட்டில் காலை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்திக் கால் மணி நேரம் படுங்கள். இறுக்கமான காலுறை நல்லதுதான். ஆனால் சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். கழிப்பறைக்குப் போக பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது வேறு கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

முதலாளிகளுக்கு ஒரே ஒரு யோசனை: குட்டை பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். அதில் உட்கார்ந்தால் ஆள் கவுன்டருக்குக் கீழே மறைந்துவிடுவார், எழுவதற்கும் முட்டி பிடிக்கும். கவுன்டர் உயரத்துக்கு ஏற்ற உயர ஸ்டூல், கால் வைக்கக் கம்பியோடு போடுங்கள். கண் வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேராக இருக்கும், இருந்த இடத்திலிருந்தே சேலையை விரிக்கலாம்.

அந்த முதலாளி கடைசியில் ரவிக்கைத் துணிப் பிரிவில் மட்டும் நாலு உயர ஸ்டூல் போட்டார். பொங்கலுக்குத் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். ஒன்றின்மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, இரண்டு காலி. நாலாவதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நான் கையில் பையோடு அந்தப் பக்கம் திரும்பியதும் சட்டென்று எழுந்து நின்று, "சொல்லுங்க மேடம்" என்றார்.