ஆய்விதழுக்குப் பணம் கட்டும் முன்

'ஐந்து நாளில் ஏற்பு, பத்தாம் நாள் வெளியீடு, ஸ்கோபஸ் இதழ், கட்டணத்தில் சலுகை.' தஞ்சை, திருச்சி, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிச் செய்திகள் சுற்றுகின்றன. ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்து தொகுக்கும் தரவுத்தளம். முறையான இதழில் ஆசிரியர் அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர்கள் படித்துக் கேள்வி எழுப்ப வேண்டும். எழுதியவர் திருத்தித் தர வேண்டும். பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. ஐந்து நாள் என்று முன்கூட்டியே உறுதி சொல்லும் இடத்தில் மதிப்பீடே நடப்பதில்லை.

முன்பு, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்கும் இதழ்களைக் காட்டும் கேர் பட்டியல் இருந்தது. 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது ஆய்வாளருக்கும் நிறுவனத்துக்கும் உரியது. முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் 2022 யுஜிசி விதிமுறைகளில் இல்லை. பல்கலைக்கழகம் தனியே கேட்கலாம் என்பதால் உங்கள் பல்கலைக்கழக விதியை முதலில் படியுங்கள். தேவையில்லாத அவசரத்தில்தான் பல பிள்ளைகள் பணத்தை இழக்கிறார்கள்.

ஐஎஸ்எஸ்என் என்பது இதழ்களுக்குத் தரும் எட்டு இலக்க அடையாள எண். தரச்சான்று அல்ல, இந்தியாவில் இலவசமாகவே தருகிறார்கள். அதை ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் போட்டு, அங்கே வரும் இதழ்ப் பெயரும் இணைய முகவரியும் உங்களுக்கு வந்த சுட்டியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் களவாடி, அதேபோல் தளம் கட்டிப் பணம் பறிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுவார்கள். ஸ்கோபஸ் என்று சொன்னால், அவர்கள் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை ஒதுக்கிவிட்டு ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலில் நேரே தேடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். 2021-ஓடு நின்றிருந்தால் இன்று நீங்கள் அனுப்புவது ஸ்கோபஸில் ஏறாது. ஆசிரியர் குழுவில் இரண்டு பேருக்கு, அவர்களுடைய பல்கலைக்கழக மின்னஞ்சலிலேயே எழுதிக் கேளுங்கள். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வருவதும் உண்டு.

ஏற்கெனவே அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களில் வைப்பது தவறு.

இதழ் நல்லதாக அமைந்தும் கட்டுரை கெடுவது உண்டு. ஒரு குறுவைச் சாகுபடியை எடுத்துக்கொள்வோம். ஏடிடி 43 நெல், நான்கு உர அளவுகள், ஒவ்வொன்றும் மூன்று பாத்திகளில், ஆக 12 பாத்திகள். தூர் எண்ணிக்கை ஒரு கட்டுரை, மகசூல் ஒரு கட்டுரை, வரவு செலவு ஒரு கட்டுரை என்று பிரித்து, ஒன்றில் மற்றொன்றைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? பின்னால் தரவுகளைத் தொகுப்பவர் அதே 12 பாத்திகளை மூன்று தனிச் சோதனைகளாக எண்ணுவார். ஒரே பருவத்தின் முடிவு மூன்று மடங்கு எடை பெற்று உரப் பரிந்துரை வரை போகும். நஷ்டம் வயலில் நிற்பவருக்கு. பிரித்தே ஆக வேண்டுமென்றால் முந்தைய கட்டுரையை மேற்கோள் காட்டுங்கள், அனுப்பும் கடிதத்திலும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

கல்வெட்டு ஆய்விலும் இதே நேர்மை வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் பாடத்தை, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற அச்சுநூல் வரிசையின் இரண்டாம் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டு, கள ஆய்வில் படித்ததாக எழுதக் கூடாது. பழைய அச்சுநூலிலிருந்து தட்டச்சு செய்ததை, பிறர் எழுத்தோடு ஒத்த வரிகளைத் தேடும் ஒப்புமை மென்பொருள் பல நேரம் பிடிக்காது. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்காக அந்த அளவுக்குத் திருடலாம் என்று ஆகிவிடாது.

கட்டுரையில் யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதுதான் அதிகம் மனம் கசக்கும் இடம். ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ கை, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு: மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு கேட்கும் இந்த நான்கும் சேர்ந்திருந்தால்தான் ஒருவர் கட்டுரையாசிரியர். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது முறையல்ல. கருவி தந்து உதவியவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. நெறியாளரோடு உட்கார்ந்து, தரவு சேகரிக்கத் தொடங்கும்போதே வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ கேட்டால், நீக்கப்படுபவர் உட்பட எல்லோருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் முறையான இதழ் கேட்கும்.