ஆன்டிபயாட்டிக்: கொல்லியா, எதிர்ப்பியா?

நெஞ்சுச் சளி முற்றி, பாக்டீரியா நிமோனியா என்று தெரிந்ததும் டாக்டர் எழுதுவது ஆன்டிபயாட்டிக். தமிழில் இதற்கு நுண்ணுயிர்க்கொல்லி, நுண்ணுயிர் எதிர்ப்பி, உயிரெதிரி என்று பல பெயர்கள். சிலர் 'நோய் எதிர்ப்பு மருந்து' என்றும் எழுதுகிறார்கள். அது மட்டும் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்து என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஆன்டி' என்றால் எதிர், 'பயோஸ்' என்றால் வாழ்வு. ஓர் உயிர் தான் பிழைக்க இன்னோர் உயிரை அழிப்பதை 1889இல் பிரெஞ்சுக்காரர் பால் வுயிமன் 'ஆன்டிபயோசிஸ்' என்றார். அதை மருந்தின் பெயராக்கியவர் செல்மன் வாக்ஸ்மன், 1940களின் தொடக்கத்தில். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர் அவர். அவருடைய ஆய்வகத்தில்தான் 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ், நுரையீரல் காசநோய்க்கு உருப்படியாக வேலை செய்த முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொன்றை அடக்கும் பொருள் என்பதே வாக்ஸ்மன் தந்த விளக்கம். அப்படிப் பார்த்தால், பென்சிலின் புழக்கத்துக்கு வருமுன் நிமோனியாவுக்குக் கொடுத்த சல்ஃபா மாத்திரை இதில் சேராது, அது ரசாயனக் கூடத்தில் செய்தது. இன்று அந்தக் கண்டிப்பு இல்லை.

சரி, எந்தச் சொல் பொருத்தம்? 'கொல்லி' பாதிதான் சரி. அமாக்சிசிலின், பாக்டீரியாவைச் செல் சுவர் கட்டவிடாமல் தடுத்துக் கொல்கிறது. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் பெரும்பாலும் கொல்வதில்லை, புரதம் செய்யவிடாமல் நிறுத்திப் பெருகாமல் பிடித்துவைக்கின்றன, மிச்ச வேலையை நம் வெள்ளை அணுக்கள் முடிக்கின்றன. நிமோனியா தரும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல் சுவரே கிடையாது. அதனிடம் அமாக்சிசிலின் பலிக்காது, இந்த இரண்டாவது வகைதான் அங்கே வேண்டும். ஆக 'எதிர்ப்பி'தான் இரண்டு வகைக்கும் பொருந்துகிறது.

அப்புறம் 'நுண்ணுயிர்'. இதில் வைரஸும் பூஞ்சையும் அடங்கிவிடுகின்றன. ஃப்ளூவோ கொரோனாவோ நுரையீரலில் இறங்கினால், அந்த வைரஸை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. உயிரெதிரி வேருக்கு வேர் சரியான மொழிபெயர்ப்பு, ஆனால் உயிருக்கே எதிரி என்பது போல் ஒலிக்கிறது, நோயாளியிடம் எப்படிச் சொல்வது?

என் தேர்வு 'பாக்டீரியா எதிர்ப்பி'. பாதி கடன் சொல்தான், பரவாயில்லை, பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். சாதாரண ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் தானாகவே அசித்ரோமைசின் கேட்டு வாங்குகிறவர், அட்டையில் இந்தப் பெயரைப் படித்தால், தனக்கு வந்திருப்பது பாக்டீரியாதானா என்று ஒரு நொடியாவது யோசிப்பார்.